ஈரப்பதம்

நீடாமங்கலம் கேட்டில் முக்கால் மணி நேரம்.
கேட் எழுந்தது,
ஹெரால்டு எழவில்லை.
பின்னால் மன்னார்குடி பஸ், அதற்கும் பின்னால்
ஒரு ஊரளவு ஹாரன்.

தள்ள வந்த கைகளில் இரண்டு பக்கிரிசாமியுடையவை.
காலையில்தான் அவர் மூட்டைகளைத் திருப்பியிருந்தேன்.
பத்தொன்பது புள்ளி நாலு.
பதினேழுக்கு மேல் எடுக்க எனக்கு அதிகாரமில்லை,
மறுபடி கொட்டிக் காய வையுங்கள்.
காரை ஓரங்கட்டிவிட்டு
துண்டில் கை துடைத்துக்கொண்டே கேட்டார்:
"வண்டியில எத்தனை பர்சன்ட் மேடம்?"

பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினேன்.
மேலே பெட்ரோல், கீழே தண்ணீர்,
நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு.
அடியில் செங்கல் பொடி.

பதினோரு வருஷம் ஷெட்டில் நின்ற வண்டி,
ஒரு சொட்டு மழை பட்டதில்லை என்று
சொல்லித்தான் விற்றான் உத்திராபதியின் மகன்.
பொய்யில்லை.
பாதி டாங்க் காற்று.
ஐப்பசிக்கு ஐப்பசி, விடியற்காலையில்
அந்தக் காற்று உள்ளேயே வியர்த்திருக்கிறது.
மீட்டர் செருகிப் பார்க்க யாரும் இல்லை,
வாங்கும்போது நான் உட்பட.

டிக்கியில் இடது பக்கம். நாலு போல்ட்.
மூன்று வந்தன, நாலாவது தலையை மட்டும் கொடுத்தது.
டாங்க்கை மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.
கண்டக்டர் மோந்து பார்த்தார்.
அடுத்த ஸ்டாப்பில் நானும் டாங்க்கும் தரையில்.
கூத்தாநல்லூருக்கு மீதி இரண்டு கிலோமீட்டர்.

ராடியேட்டர் ஜெகபர் சாதிக்குக்கு
இடது புருவம் கிடையாது.
"நிறைஞ்ச டாங்க் எரியும்.
காலி டாங்க்தான் வெடிக்கும்" என்றார்,
வாய் வரை தண்ணீர் பிடித்து
ராத்திரி முழுக்க வாசலில் வைத்தார்.

மறுநாள் உள்ளே ஒரு சைக்கிள் செயின், இரண்டு கை ஜல்லி.
நானும் அவர் தம்பியும் ஆளுக்கொரு முனை பிடித்துக் குலுக்கினோம்,
தெருவில் பேச்சு நிற்கும் அளவுக்கு.
கொட்டியதில்
துரு, கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு பிசின்,
கூடவே அரை முழம் மூங்கில் குச்சி.
கத்தியால் கீறிய ஏழு கோடுகள்.
கேஜ் முள் செத்த பிறகு
உத்திராபதி அளந்த குச்சி.
முறிந்து உள்ளே விழுந்ததை
யாரிடமும் சொல்லாமல் ஓட்டியிருக்கிறார்.

ஆசிட்டில் ஊறிக் கழுவியதும்
உள்பக்கம் புது எவர்சில்வராய் மின்னியது.
எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெகபருக்கு வரவில்லை.
வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து
"எட்டிப் பாருங்க" என்றார்.
ஊசி ஊசியாய் வெளிச்சம்.
எண்ணத் தொடங்கி முப்பத்தொன்றில் விட்டேன்.
இத்தனை நாள் பெட்ரோலைத் தாங்கியது தகரமில்லை,
துரு.

இருபது கேஜ் தகட்டில் புதிது செய்தார்.
மூடிக் கழுத்தும் ரிசர்வ் குழாயும் பழசு,
மற்றதெல்லாம் இந்த வாரத்தது.
பில்லில் ரிப்பேர் என்று போடுவதா, மாற்றியது என்றா?
நான் பட்டியல் எழுத்தர்தானே,
நானே எழுதிக்கொள்கிறேன் என்றேன்.
இன்னும் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லிட்டர் லிட்டராய் ஊற்றி
புதுக் குச்சியை விட்டு எடுத்தேன்.
நனைந்த இடத்தில் கத்தி வைப்பதற்குள்
பெட்ரோல் காய்ந்து கோடு இறங்கிவிடுகிறது.
ஆறு தடவை.
ஏழாவது தடவை நகத்தால் அழுத்திப் பிடித்தேன்.
உத்திராபதியின் கோடுகளோடு
ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

செவ்வாய், கொள்முதல் நிலையம்.
பக்கிரிசாமியின் நெல் பதினாறு புள்ளி ஒன்பது.
நான் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன்.
அவர் மீட்டர் பக்கம் வரவே இல்லை,
புங்கமர நிழலில் நின்ற காருக்குக் கீழே குனிந்து
தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.