பதினேழாம் கல்

தடா லாட்ஜில் கரண்ட் போன இரவு
போன் வெளிச்சத்தில் படித்தேன்:
ஹெலிகே என்றொரு கிரேக்கப் பட்டினம்.
ஐந்து நாள் முன்பே
எலிகளும் பாம்புகளும் பூரான்களும்
மேட்டுச் சாலை வழியே வெளியேறினவாம்.
ஊரார் வேடிக்கை பார்த்தார்கள்.
பிறகு ஓர் இரவு தரை இறங்கியது.
அதன்மேல் கடல் வந்தது.
விடிந்தபோது மர உச்சிகள் மட்டும்.

அப்புறமும் வெகுகாலம்
நீருக்கடியில் நின்றிருந்தார் வெண்கலக் கடல்தெய்வம்,
போகிற வருகிற வலைகளைக் கிழித்துக்கொண்டு.

காலையில் எத்திராஜின் படகில் ஏறினேன்.
மடிப்பெல்லாம் கிழிந்த எல்லை வரைபடத்தில்
பதினாறாம் கல் உண்டு, பதினெட்டு உண்டு.
பழவேற்காட்டு ஏரி இந்த மாதம் இடுப்பளவு.
இதில் எங்கே தொலையும் ஒரு கல்?

"அதோ அங்க வலை மாட்டும் சார்.
எங்காளு வலையும் மாட்டும், ஆந்திராக்காரன் வலையும் மாட்டும்.
போன ஆவணியில அடிதடி அங்கதான்."

அளக்க வந்தவன் நெஞ்சு
வெண்கலம், வெண்கலம் என்றது.

கழியால் குத்திப் பார்த்தோம்.
எத்திராஜின் மச்சான் மூழ்கி எழுந்தான்.
மேலே வந்தது ஏதோ லாரியின் ஆக்சில்.
இரண்டு மாநிலத்து நரம்பு வலையும்
அதில் ஒரே முடிச்சாகிக் கிடந்தன.
கத்திதான் பிரித்தது.

மூன்று நாள்.
பூநாரைகள் எங்களைவிட நன்றாகத் தேடின.

லாட்ஜில் தூக்கம் சொக்கி விட்டுவைத்த
கடைசிப் பத்தியைப் படகிலேயே படித்தேன்:
கடலடியில் வருடக்கணக்காய்த் துழாவினார்களாம்.
ஊர் கிடந்தது கரையில்,
வண்டல் மூடி,
பழத்தோப்புகளின் வேருக்குக் கீழே.
கடல்தான் இடம் மாறியிருந்தது.

"கரைக்கு விடுங்க" என்றேன்.

ஏரி விட்டுப்போன உப்புத் தரை.
சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவில்
போலம்மாவின் ஆடு கட்டியிருந்தது,
பதினேழாம் கல்லில்.
ஏழு தெரிந்தது.
ஒன்றைக் கயிறு தின்றிருந்தது.

அவள் தெலுங்கில் என்னவோ கேட்டாள்.
எத்திராஜ் சிரித்தார்:
"கல்லத் தூக்கிட்டுப் போவியான்னு கேக்குது.
போனா ஆட்ட எதுல கட்டுறதாம்?"

தூக்க மாட்டேன் என்று கையசைத்தேன்.
அவள் நம்பவில்லை. கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினாள்.

குந்தி உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தேன்.
தேதி போட்டேன். நிலை: நல்ல நிலையில்.
கல்லடியிலிருந்து ஒரு பூரான் வெளியே வந்து
சற்று நின்று
ஏரிக்கு முதுகு காட்டி
மேட்டுப் பக்கம் போனது.

ஒன்று, என்று எண்ணிக்கொண்டேன்.