பறவை, கல், தண்ணீர்

காலை ஆறு இருபது.
பாயா தெருபோங் அடுக்குமாடியில்
மின்தூக்கி இன்றும் விடுமுறையில்.
பன்னிரண்டு மாடி இறங்கி வரும் நூரினின் மூச்சு
அவளுக்கு முன்பே என் வேனில் ஏறிவிடும்.
பிறகு அய்மான், ஜஸ்கிரண்,
சபாவிலிருந்து வந்து மூன்று மாதமே ஆன டெல்வினா,
முன்பல் விழுந்ததை எல்லோருக்கும் காட்டும் கவிநிலா.
ஆயர் ஈத்தாம் சந்தை முனையில்
கடைசியாக யீ ஷெங்.

முன் இருக்கை ஒன்று. ஆட்கள் ஆறு.
நான் பார்த்ததிலேயே நேர்மையான தேர்தல்
இந்த வேனில்தான் நடக்கிறது.

ஓ... சோம்!

விரல் குவிந்தால் பறவை,
மடங்கினால் கல், விரிந்தால் தண்ணீர்.
கல் பறவையை வீழ்த்தும்.
பறவை தண்ணீரைக் குடிக்கும்.
தண்ணீர் கல்லை விழுங்கிவிட்டு
ஒன்றும் நடக்காததுபோல் கிடக்கும்.

தண்ணீருக்கு எது சரியான பெயர் என்று
ஒரு வாரம் சண்டை.
ஆயர் என்றாள் நூரின், சூய் என்றான் யீ ஷெங்,
பாணி இல்லாமல் பானி ஏது என்பதுபோல்
தலைத்துணியைச் சரிசெய்தான் ஜஸ்கிரண்.
எங்கள் ஊரில் வாய்க் என்றாள் டெல்வினா, மெதுவாக.
அவள் வேனில் பேசிய முதல் சொல் அது.
"எங்களிடம் அதற்குக் காலும் இருக்கிறது, வாய்க்கால்!"
கவிநிலாவின் பல்லில்லாச் சிரிப்பில்
அன்றைய சண்டை வடிந்தது.
இப்போது அய்மானுக்குத் தாகமெடுத்தால் தண்ணி,
கவிநிலாவுக்கு சூய்.
யார் புட்டி யாருடையது என்பதும்
எனக்குக் குழம்பிவிட்டது.

யீ ஷெங் மட்டும் எப்போதும் கல்.
ஐந்து உள்ளங்கையும் விரிந்து
முதல் சுற்றிலேயே மூழ்கடிக்கும்.
வருடம் முழுக்கத் தோற்றும் ஏனடா கல் என்று
ஒருநாள் கேட்டேன்.
"கையைத் திறந்தால் காசு விழுந்துவிடும், ஆன்ட்டி."
அவன் சிற்றப்பா, மீன் கடை ஏப்ரனோடு,
தினமும் வேன் கதவருகே வந்து
பசியாறக் காசு வைத்து
அந்த விரல்களைத் தானே மடக்கிவிட்டுப் போவார்.

மழை மாதத்தில் நான்கு நாள்
சந்தை முனை காலியாக இருந்தது.
துக்க வீட்டுக்கு எப்படிப் போவதென்று
இத்தனை வருடம் இந்தத் தீவில் இருந்தும்
எனக்குத் தெரியவில்லை.
"வெள்ளை உறை, ஆன்ட்டி. இரட்டைப்படை வேண்டாம்"
என்றான் அய்மான்.
உனக்கு யார் சொன்னது?
அவன் என்னைப் பார்த்த பார்வைக்கு
நான் இன்னும் பதில் தேடுகிறேன்.

ஐந்தாம் நாள் வந்தான்.
சட்டைக் கையில் ஊக்கு குத்திய சிறு துணி.
கதவருகே யாரும் இல்லை.
அது என்ன துணி என்று ஒருவரும் கேட்கவில்லை.
இன்று போட்டி வேண்டாம் என்று சொல்ல
நான் வாயெடுப்பதற்குள்

ஓ... சோம்!

கல்.
உள்ளே ஒன்றுமில்லாத கல்.

கண்ணாடியில் பார்த்தேன்:
அதைச் சுற்றி ஐந்து அலகுகள்.
நூரின் பறவை, ஜஸ்கிரண் பறவை,
விதி இன்னும் சரியாகப் பிடிபடாத டெல்வினாகூட.
பேசிவைத்தார்களா? எந்த மொழியில்?
எனக்குக் கேட்கவே இல்லை.

முன் இருக்கையில் அவன் அமர்ந்தான்.
இடைவார் நீளமாக இருந்தது, சுருக்கிப் பூட்டினேன்.
பள்ளிவரை வானொலியைத் திருகவில்லை.

இதோடு முடித்திருக்கலாம்.
ஆனால் மறுவாரம்,
நல்லவர்களாக இருந்து அலுத்துப்போய்
ஐந்து பேரும் பழையபடி தண்ணீர்.
யீ ஷெங் காட்டினான் முதன்முறையாகப்
பறவை.

"ஏமாற்று! ஏமாற்று!" என்று வேன் அதிர்ந்தது.
அதற்குள் விரல் நழுவி
அவன் அம்மா கொடுத்தனுப்பிய ஐம்பது காசு
இருக்கைகளுக்கு அடியில் உருண்டோடியது.

கிரீன் லேன் சிவப்பு விளக்கில்
திரும்பிக் கண்ணாடி பார்க்கிறேன்:
ஒரு தலையும் இல்லை.