இவருக்குப் பதில் இவர்

ஒல்டன் நகரத் தியேட்டரை
ஞாயிறு காலை பத்து மணிக்கு
வாடகைக்கு எடுப்பார் குலவீரசிங்கம்.
ரிக்கற் இருபத்தைந்து பிராங்.
இடைவேளையில் றோல்ஸ் மூன்று பிராங்.
படத்தோடு எனக்குச் சண்டை உண்டு,
றோல்ஸோடு இல்லை.

போன மாசியில் எங்களைப் பற்றியே ஒரு படம் வந்தது.
"எங்கட கதை, கட்டாயம் பாருங்கோ" என்று
ஆறு வாட்ஸப் குழுக்களில் அனுப்பியிருந்தார்கள்.
கதாநாயகன் ஓடினான். குண்டு விழுந்தது. மறுபடி ஓடினான்.
மினுக்கிய சேர்ட்.
இரண்டு காலிலும் செருப்பு.
நாங்கள் ஓடியபோது எனக்கு ஒன்றுதான் மிஞ்சியது,
அதுவும் என்னுடையது இல்லை.
அவன் "கதைக்கிறன்" என்று சொன்ன விதத்தில்
பக்கத்துச் சீட்டு யோகமலர்
சால்வை நுனியை வாய்க்குள் திணித்துச் சிரிப்பை அடக்கினாள்.
அழவேண்டிய இடத்தில் கமரா நின்று காத்திருந்தது,
கடன் கேட்டு வந்தவர் வாசலில் நிற்பதுபோல.
முடிவில் எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும்.
"எப்படி?" என்றார் குலவீரசிங்கம்.
"றோல்ஸ் நல்ல உறைப்பு" என்றேன்.

சீரியலை ஒருவரும் குறைசொல்ல விடமாட்டேன்.
அந்த உரிமை எனக்கு மட்டும்.
ஒன்பது வருடம்,
அடுத்தவர் சட்டைகளை அதன் முன்னால்தான் மினுக்கினேன்.
மூத்த மருமகள் இருபத்திரண்டு மாதம் கர்ப்பமாயிருந்தாள்.
மாமியார் நஞ்சு கலந்த பாலை
வெள்ளி இரவிலிருந்து திங்கள் இரவுவரை
கையிலேயே வைத்திருந்தாள், ஆவி பறக்க.
ஒருநாள் மருமகள் கதவைத் திறந்தால்
வேறொரு முகம்.
கீழே ஒரு வரி ஓடியது:
இவருக்குப் பதில் இவர்.
புருஷனுக்கு ஆச்சரியமில்லை. பிள்ளை "அம்மா" என்றது.
நான் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக்
கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

தொண்ணூற்றொன்றில் சூரிச் விமானநிலையத்தில்
இறங்கினவள் ஒருத்தி.
பின்னலில் ரிபன், பையில் இரசாயனவியல் கொப்பி.
இன்று விடிய நாலு பன்னிரண்டுக்கு
ரெயில் பெட்டி கழுவப் போனவள் ஒருத்தி.
நடுவில் யாராவது அந்த வரியைப் போட்டிருக்கலாம்.

என் மனுசன் நகுலேஸுக்குச் சண்டைப்படம்.
ஒரே அடியில் ஆட்கள் பறந்தால்
"இதெல்லாம் விசர்க் கூத்து" என்பார்,
எத்தனை பேர் என்று எண்ணியபடியே.

ஞாயிறு இரவு ஜேர்மன் துப்பறியும் தொடர்.
ஐந்தாவது நிமிடத்தில், நாயோடு நடக்கப் போன ஒருவர்
காட்டோரத்தில் பிணத்தைக் காண்பார்.
நாய்கள் இல்லாவிட்டால் அங்கே கொலையே இருக்காது.
இன்ஸ்பெக்டர் விவாகரத்தானவர், நின்றபடி சாப்பிடுவார்.
வீட்டில் மிக அழகான சமையலறை யாருடையதோ
அவன்தான் கொலைகாரன்.
நான் எப்போதோ கண்டுபிடித்துவிடுவேன், ஆனாலும் பார்ப்பேன்.
ஜேர்மன் படித்தது இதில்தான்:
சாட்சி, சந்தேகம்,
நேற்றிரவு ஒன்பது மணிக்கு எங்கே இருந்தீர்கள்.
குடியுரிமை நேர்முகத்தில் சீஸ் வகைகளைக் கேட்டார்கள்.
என்னிடம் இருந்ததெல்லாம்
மறுப்பதற்கான வாக்கியங்கள்.

மிகப் பிடித்த படத்தின் பெயர் தெரியாது.
நித்திரை வராத ஓர் இரவு, நடுவிலிருந்து பார்த்தது.
மொழியும் பிடிபடவில்லை.
ஒரு பெண் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
பஸ் வருகிறது. ஏறவில்லை.
சட்டைக் கையில் ஒரு நூல். இழுக்கிறாள்.
எறிய இடம் பார்க்கிறாள்.
தெரு அவ்வளவு சுத்தம்.
நூலை விரலில் சுற்றிக் கைப்பைக்குள் வைக்கிறாள்.
இசை இல்லை.
எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

மகள் ஆரணி போனில் தேடினாள்.
"நடிகை ஆர்? பஸ் என்ன நிறம்?"
நீலம் என்றேன். இன்னொரு நாள் கேட்டபோது பச்சை என்றேன்.
"அம்மா, அப்பிடி ஒரு படமே இல்லை.
ஸ்ரேஷனில ஆரையோ பார்த்திருக்கிறியள்."
இருக்கலாம்.
என்றாலும் நான் பார்த்ததில் அதுதான் படம்.

வருகிற ஞாயிறு புதுப்படமாம்.
ஐந்நூறு கோடியாம், இரண்டு பாகமாம்,
ரிக்கற் இருபத்தெட்டாம்.
வாறியா என்கிறாள் யோகமலர்.
றோல்ஸ் ஆர் போடுகினம் என்று
கேட்டுச் சொல்லச் சொன்னேன்.