குறைந்தது நாலு

குறைந்தது என்ற சொல்லில்தான்
மூன்று தடவையும் சறுக்கினேன்.
குறைந்தது நாலு என்றால்
நாலுக்குக் கீழே என்று கை தானாக எழுதும்.
தமிழ் ஒரு பக்கம் இழுக்கும்,
குறி மற்றப் பக்கம் வாய் திறக்கும்.
நாலும் அதற்கு மேலும், நாலும் அதற்கு மேலும் என்று
ஐஸ் அரைக்கிற சத்தத்துக்குள்
சொல்லிச் சொல்லித்தான் படிந்தது.

முப்பத்தாறு வயது. திருக்கடலூர் ஐஸ் ஆலையில்
பற்றுச்சீட்டு எழுதுகிறேன்.
நிரந்தரமாக்குவதென்றால்
ஓ.எல். கணிதம் வேண்டுமாம்.
பதினொரு வருடம் பெட்டி எண்ணினது
கணிதத்தில் சேர்த்தியில்லை.

எனக்குத் தெரிந்த கணக்கு சமன் மட்டும்தான்.
பொழுதுபட ஏட்டின் இரண்டு பக்கமும்
ஒரே தொகையில் வந்து நிற்க வேண்டும்.
ஒரு ரூபாய் பிசகினாலும் சம்பளத்தில் கழியும்.
சமனிலியில் விடை ஒரு புள்ளி அல்ல,
கோட்டின் ஒரு பக்கம் முழுவதும் விடை.
அவ்வளவு தாராளத்தை
நான் எந்த ஏட்டிலும் கண்டதில்லை.

குறி திரும்புவதைப் பௌமியாதான் பிடித்தாள்.
அவள் கிண்ணியாவிலிருந்து வருகிறவள்,
என்னோடு நாலாம் முறை எழுதுகிறவள்.
"உன் கடன் மூவாயிரம், என் கடன் ஆயிரம்,
கடனில் நீ பெரியவள்.
இரண்டுக்கும் முன்னால் மறைக்குறி போடு,
இப்ப ஆர் பெரிசு?"
மறை எண்ணால் பெருக்கினால்
ஏன் குறி புரளுகிறதென்று
அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

றெஜினோல்டின் பைபர் போட்டை
சதுரக்கோட்டுத் தாளில் ஏற்றிப் பார்த்தேன்.
ஆளும் வலையும் போக முந்நூறு கிலோ.
ஐஸ் பெட்டி இருபத்தைந்து, அது எக்ஸ்.
எண்ணெய்க் கான் இருபது, அது வை.
ஐஸ் மட்டுமென்றால் பன்னிரண்டு,
எண்ணெய் மட்டுமென்றால் பதினைந்து:
இரண்டு அச்சிலும் ஒவ்வொரு புள்ளி,
அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
முந்நூறு சரியாக இருந்தாலும் தாங்கும்,
ஆகவே முறிக்காமல் கீறினேன்.

எந்தப் பக்கம் நிழற்றுவது?
பூச்சியத்தையும் பூச்சியத்தையும் போட்டுப் பார்.
ஒன்றும் ஏற்றாத போட் மிதக்கும்தானே.
அந்தப் பக்கம்.
போய்த் திரும்ப எண்ணெய் குறைந்தது நாலு கான்.
நாலில் ஒரு படுக்கைக் கோடு,
அதற்கு மேலே.
இரண்டு நிழலும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த இடம்
பென்சில் கறுத்து மினுங்கியது.

றெஜினோல்ட் குனிந்து பார்த்தான்.
"ஒம்பது பெட்டி, நாலு கான். எங்க வரும்?"
முந்நூற்றைந்து.
கோட்டுக்கு வெளியே, பென்சில் முனை அகலத்தில்.
"அஞ்சு கிலோ. நான் சோத்துப் பார்சல் சாப்பிட்டா
வாற பாரம்" என்று சிரித்து
ஒன்பதையும் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்றிரவு கொட்டியாரக் குடாப் பக்கம் காற்று.
தாளை விரித்து அந்தப் புள்ளியையே பார்த்திருந்தேன்.
வெளியே என்றால் தாழும் என்று
எங்கும் எழுதியிருக்கவில்லை.
உள்ளே இருப்பவைக்கு ஒரு வாக்கு,
வெளியே இருப்பவைக்கு அந்த வாக்கு இல்லை.
கோட்டுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

விடிய வந்தான்.
முட்டி நிறையக் கும்பளாவோடு,
என் கோட்டைப் பகிடி பண்ணிக்கொண்டு.
நான் பற்றுச்சீட்டில் எட்டு என்று எழுதி
ஒன்பதாவது பெட்டியைத் தர மறுத்தேன்.
கோபத்தில் உப்புவெளிக்காரரிடம் போனான்.
மற்ற நாள் திரும்பி வந்தான்.

சோதனைக்கு முதல்நாள்
பஸ் நிலையத்து வாங்கில் தாளோடு இருந்தேன்.
ஒரு பிழை கண்ணில் பட்டது:
நிழல் இடப்பக்கம் எல்லையில்லாமல் ஓடுகிறது,
மறை மூன்று பெட்டி, மறை முப்பது பெட்டி.
இல்லாத ஐஸை ஏற்றிக்கொண்டு
எத்தனையோ போட் கடலுக்குப் போகின்றன.
எக்ஸ் பூச்சியத்திலும் குறையாது என்று
எழுத மறந்திருக்கிறேன்.

பேனையைத் தேடி பைக்குள் கை விட்ட நேரம்
தோளுக்குப் பின்னால் சூடான மூச்சு.
பட்டணத்துப் புள்ளிமான், வாழைப்பழத் தோலுக்கு
அலைகிற கூட்டத்தில் ஒன்று.
தாளின் இடப்பக்கத்தைக் கவ்வி
நிலைக்குத்து அச்சு வரைக்கும் கிழித்து
மென்றபடி என்னையே பார்த்தது.

மிச்சத்தில் ஒரு முக்கோணம் இருந்தது.
மடித்து அடையாள அட்டைக்குள் வைத்தேன்.