முட்டை ஓட்டுக் கணக்கு

யீஷூன், பன்னிரண்டாம் மாடி, காலை நாலே முக்கால்.
இன்று பஸ் ஓட்டாத நாள்.
ஆனாலும் உடம்பு முதல் டிரிப்புக்கே எழுந்துவிடுகிறது.

தராசில் காலிக் கிண்ணத்தை வைத்துப்
பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருகிறேன்.
கோழித்தொடை, தோல் நீக்கி, எழுநூறு கிராம்.
ஈரல் ஐம்பது. ஆசைக்குக்கூட ஒரு துண்டு கூடாது.
பூசணி. பழுப்பரிசி. தேக்காவில் வாங்கிய மத்தி இரண்டு.
உப்பு இல்லை.
வெங்காயம் இல்லவே இல்லை.

வெங்காயம் வதங்காமலும் ஓர் அடுப்பு எரியும் என்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
முதல் மாதமெல்லாம் கை தன்னால் போய்
கூடையைத் தொட்டுவிட்டுத் திரும்பும்,
பழைய டிப்போவுக்கே வண்டியைத் திருப்புகிற மாதிரி.

கதவோரம் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறாள் கோப்பி-ஓ.
பால் கலக்காத கறுப்பு, அதனால் அந்தப் பெயர்.
சுங்கை காடுட்டில்
நின்றுபோன லாரிக்கு அடியில் பிறந்தவள்.
கறிபஃப் ஓரமும் பொட்டலத்துச் சோறும் அவளுக்குத் தாய்ப்பாலுக்கு அடுத்த ருசி.

அன்பு என்று நினைத்து எட்டு மாதம்
வெறும் கோழியும் சோறும் போட்டேன்.
தட்டை நக்கிக் கண்ணாடியாக்குவாள்.
அந்தத் தட்டைப் படமெடுத்து
ஜொகூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்புவேன்.
அப்புறம் ஒரு நாள்
மின்தூக்கியை விட்டு இறங்க
அவளுடைய பின்னங்கால் யோசித்தது.

டாக்டர் க்வெக் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.
"வயிறு நிறைந்திருக்கிறது. எலும்புதான் பட்டினி."
எட்டு மாதம் நான் ஊட்டிய பட்டினி.
பில்லுக்குப் பணம் எண்ணும்போது
இரண்டு முறை தப்பாக எண்ணினேன்.

அவர் எழுதிக் கொடுத்த தாளில் ஈரலுக்குக் கீழே:
முட்டை ஓடு. சுட்டு, மாவாய் அரைத்து, அளந்து.
தனி ஆள் நான், வாரத்துக்கு முட்டை இரண்டு.
ஓட்டுக்கு எங்கே போக?

பக்கத்து வீட்டு காக் சல்மியா
ஆர்டருக்கு பஹுலு சுடுகிறவர்.
நாளுக்கு அறுபது முட்டை; பெருநாள் நெருங்கினால் கணக்கே இல்லை.
என் நாய் வந்தால்
பாஜு குரோங் நுனியை ஒதுக்கிச் சுவரோரம் நிற்பார்.
நான் கயிற்றைச் சுருக்கி எதிர்ச்சுவரில் ஒட்டிக்கொள்வேன்.
நடுவில் தாழ்வாரம்.
மூன்று வருடமாக இப்படித்தான்,
கோபமும் இல்லை, பேச்சும் அதிகமில்லை.

கேட்கக் கூச்சம்.
நாய்க்கு என்று சொல்ல அதைவிடக் கூச்சம்.
எனக்குத் தெரிந்த பஸ் மலாயில்
தொண்டையைக் கனைத்துக் கேட்டேவிட்டேன்.
அவர் சிரிக்கவில்லை.
"எத்தனை வேணும்?"

மறுநாள் என் இரும்புக் கதவில் ஒரு சிவப்புப் பை.
ஓடுகள்.
கழுவி, உள்தோல் உரித்து, காயவைத்து,
ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கியவை.
கழுவச் சொன்னது யார்?
நான் இல்லை.

இப்போதும் தாழ்வாரத்தில் அதே இரண்டு சுவர்கள்.
ஆனால் போன வாரம் அவர்
தம் சுவரில் நின்றபடியே குனிந்து பார்த்தார்.
"கால்?"
"பரவாயில்லை. நடக்கிறாள்."
மின்தூக்கி வரைக்கும்
அவர் கண் எங்கள் பின்னால் வந்தது.
முதுகில் தெரிந்தது எனக்கு.

சோறு ஆறட்டும்.
ஓடு அடுப்பில் சுட்டாகிவிட்டது.
என் காலைச் சாப்பாட்டை யாரும் எடை போடுவதில்லை:
ஒரு கோப்பை காப்பி,
நேற்றுப் பையோடு சேர்ந்து வந்த இரண்டு பஹுலு.
ஒரே முட்டையாகவும் இருக்கலாம்;
உள்ளே இருந்தது எனக்கு, மேலே இருந்தது அவளுக்கு.

ஐந்தரைக்கு மிக்ஸியைப் போடப் போனவன்
அக்கம்பக்கம் தூங்குமே என்று கையை எடுத்தேன்.
அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம்
முட்டை அடிக்கும் இயந்திரம் கிளம்பிவிட்டது.

நானும் பொத்தானை அழுத்தினேன்.