ஜென்னேயில் ஒரு தரகன்

உப்புக்கு மழை ஆகாது.
கோலாக் கொட்டைக்கு வெயில் ஆகாது.
இரண்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர்,
அதுதான் என் முதல்.

திம்புக்துவிலிருந்து படகில் வருபவன்
காட்டைப் பார்த்ததில்லை.
தெற்கிலிருந்து கழுதையோடு வருபவன்
பாலையைப் பார்த்ததில்லை.
இருவரும் பார்த்தது மாமரி துங்கராவை;
இருவரும் வைத்த பெயர் திருடன்.

போன வெள்ளத்தில்
ஒரே நாளில் வந்துவிட்டார்கள்.
என் சட்டியில் சேர்ந்தே கை நனைத்தார்கள்.
ஒருவன் பாளத்தைத் தட்டிக் காட்டினான்,
மற்றவன் ஈர இலையை விரித்தான்.
மூன்று விரல் மடக்கி, இரண்டு நீட்டி
பேச்சே வேண்டாம் போலிருந்தது.
எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு உப்புக்காரன் என் காதோடு கேட்டான்:
"கடன் சொல்கிறான். நம்பலாமா?"
அந்தப் பக்கமிருந்தும் அதே கேள்வி, வேறு மொழியில்.

உதிர்ந்த உப்பைத் துண்டில் கூட்டிக்கொண்டே
இருவருக்கும் தலையாட்டினேன்.
அந்தத் தலைதான் ஈடு.