குளிரின் விழுக்காடு

நவம்பர் ஒன்பது, காலை ஆறு மணி.
சமையலறை பதினான்கு டிகிரி. படுக்கையறை பதின்மூன்று.
ராட்கோவின் கணக்கு நோட்டில்
கடைசிப் பக்கத்திலிருந்து எழுதிவருகிறேன்.
முன்னாலிருந்து அவன் பின்னங்களைக் கூட்டுகிறான்,
பின்னாலிருந்து நான் குளிரை.
நடுவில் எங்காவது சந்தித்துக்கொள்வோம்.

வீட்டுக்காரர் என்று ஓர் ஆள் இல்லை.
டூயிஸ்பர்க்கின் இந்த நான்கு மாடிக்கும்
ஒரு நிறுவனம்,
அதற்கு ஒரு தொலைபேசி எண்,
அந்த எண்ணுக்குள் ஒரு பியானோ.
பத்தொன்பது நிமிடம் வாசித்துவிட்டுத்
தானே துண்டித்துக்கொள்ளும்.
முகம் மழிக்கும்போது ஸ்டோய்கோ
இப்போதெல்லாம் அந்த மெட்டைத்தான் முணுமுணுக்கிறான்.

வாடகைக்கு மட்டும் வழி தெரிந்திருக்கிறது.
ஒன்றாம் தேதி, யாரையும் கேட்காமல்
போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஒருமுறை ஓர் ஆள் வந்தான்.
கட்டிலுக்குப் பின்னால் படர்ந்த கருப்பைப்
பேனா முனையால் தொட்டுப் பார்த்தான்.
"ஜன்னலைத் திறந்து வையுங்கள்,
நீங்கள் ரொம்பச் சமைக்கிறீர்கள்."
அன்று இரவு ரொட்டியும் பாலாடைக்கட்டியும்.
சுவர் மனம் மாறவில்லை.

இரவில் நான் டிராம் கழுவப் போகிறேன்.
ஷெட்டில் காலி இருக்கைகள்
கதகதவென்று உட்கார்ந்திருக்கின்றன.

சைக்கிள் கடைக்கு மேலே வாடகைதாரர் சங்கம்,
செவ்வாய் மட்டும்.
தியார்க் என்ற அந்த வக்கீலுக்கே ஜலதோஷம்.
மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்:
"கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள்.
இரண்டு மாதம் பாக்கி விழுந்தால்
உங்களை வெளியேற்ற நீங்களே சாவி கொடுத்தது போல.
முதலில் கடிதம். அதில் ஒரு கெடு. பதிவுத் தபால்.
பிறகு குறையுங்கள்."
எவ்வளவு?
பழைய தீர்ப்புகளின் பட்டியலைப் புரட்டினான்.
சூடு இல்லாததற்கு இத்தனை விழுக்காடு,
பூஞ்சைக்கு இத்தனை,
மூடாத ஜன்னலுக்குக் கொஞ்சம்.
ராட்கோவின் இருமலுக்கு? என்று கேட்டேன்.
விரல் மேலிருந்து கீழாக இறங்கியது,
மறுபடி மேலே ஏறியது.
"அது பட்டியலில் இல்லை.
மருத்துவர் சீட்டு இருந்தால் இணையுங்கள்."

கையெழுத்துக்கு மாடி மாடியாக ஏறினேன்.
டாக்ஸி ஓட்டும் குர்புஸ்
வாசிக்காமலே போட்டார்.
எதிர்வீட்டு மாணவர்கள் மூன்று முறை வாசித்து
ஒரு காற்புள்ளியைத் திருத்திவிட்டுப் போட்டார்கள்.
நான்காம் மாடி பிராண்ட்காம்ப் அம்மாள்
முப்பத்தோரு வருடக் குடித்தனம்.
கதவைச் சங்கிலியோடு திறந்து
"எனக்குக் குளிரவில்லை" என்றார்.
மேல்கோட்டும் தொப்பியும் போட்டிருந்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

கெடு முடிந்தது. கிணற்றில் போட்ட கல்.
டிசம்பர் ஒன்றில் தியார்க் சொன்ன அளவு குறைத்து,
ஏன் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன்.
பொத்தானை அழுத்திய விரல்
வெகுநேரம் என்னுடையதாக இல்லை.

பியானோ பத்தே நாளில் வாய் திறந்தது.
நான்கு பக்கம், கெட்டிக் காகிதம்:
அக்டோபர் வரை கொதிகலனில் எந்தக் குறையும் இல்லை,
குறைத்த தொகை பாக்கி,
உடனே கட்டாவிட்டால் நடவடிக்கை.
ஸ்டோய்கோ சொன்னான், கட்டிவிடலாம்.
அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை,
ஆனால் ஒரே போர்வைதான்.

காலையில் கதவுக்கு வெளியே
ஒரு துணிப்பை.
உள்ளே சுவர்க் காலண்டர்கள், பதினொன்று.
பூனைகள், கலங்கரை விளக்கங்கள், ஆல்ப்ஸ் மலை.
ஒவ்வொரு குளிர்காலக் கட்டத்திலும்
பென்சிலில், நுணுக்கி நுணுக்கி,
பதினைந்து. பதினான்கரை. பதினாறு. பதினான்கு.
யாருக்கும் அனுப்பாத பதினொரு வருடம்.
கையெழுத்துப் போடாத அம்மாளின்
கையெழுத்து.

தியார்க் அவற்றை மேசையில் பரப்பினான்.
மூக்கு சிந்த மறந்துவிட்டான்.

டிசம்பர் பத்தொன்பது, காலை ஆறு மணி.
சமையலறை பதினைந்து.
ஒரு டிகிரி கூடியிருக்கிறது.
வெயிலா வக்கீலா தெரியவில்லை.
எழுதி வைக்கிறேன்.
பின்னங்களுக்கும் எனக்கும் இடையே
இன்னும் ஆறு தாள்.